நேதாஜிக்கு உதவிய ஜெர்மானியர்
ஹிட்லர் சர்க்காரில் இருந்துகொண்டே ஹிட்லரை எதிர்த்த ஆடம் வான் டிராட்டின் வாழ்க்கை

நேதாஜி சுபாஷ் சந்திர போஸ் 1941-ம் ஆண்டு ஜனவரி மாதம் கல்கத்தாவில் வீட்டுக் காவலிலிருந்து மாறுவேடத்தில் தப்பினார். காபூல், மாஸ்கோ வழியாக ஏப்ரல் மாதத் தொடக்கத்தில் பெர்லின் போய்ச் சேர்ந்தார். இந்தக் கதை தமிழ்நாட்டில் பள்ளிப் பிள்ளைகளுக்கும் தெரியும். ஆனால் பெர்லினில் நேதாஜியின் காரியங்களைக் கவனிப்பதற்காக நியமிக்கப்பட்ட ஜெர்மன் அதிகாரி யார் என்பது பலருக்குத் தெரியாது.

அவர் பெயர் ஆடம் வான் டிராட். அப்போது அவருக்கு வயது 31. நெடிய உருவம். அகன்ற நெற்றி. ஆக்ஸ்போர்டில் படித்தவர். ஆங்கிலேயரைப் போலவே ஆங்கிலம் பேசுவார். ஜெர்மன் வெளிநாட்டு இலாகாவில் உத்தியோகம். சட்டைப் பையில் நாஜிக் கட்சியின் அங்கத்தினர் சீட்டு.

அந்த மனிதர் ஹிட்லரைக் கவிழ்ப்பதற்காக உள்ளே இருந்தே சதி செய்துகொண்டிருந்தார். மூன்று ஆண்டுகளுக்குப் பிறகு அதற்காகத் தூக்கில் தொங்கினார்.

மந்திரி வீட்டுப் பிள்ளை

டிராட் 1909-ம் ஆண்டு ஆகஸ்டு மாதம் 9-ந் தேதி, பெர்லினுக்கு அருகே உள்ள பாட்ஸ்டம் நகரில் பிறந்தார். தகப்பனார் பிரஷ்யா ராஜ்யத்தில் கல்வி மந்திரியாக இருந்தவர். தாயார் வழியில் அமெரிக்க ரத்தம் உண்டு. அமெரிக்க ஐக்கிய நாட்டின் முதல் தலைமை நீதிபதி ஜான் ஜே அந்த அம்மையாரின் முன்னோர்களில் ஒருவர். ஹெஸ்ஸன் பிரதேசத்தில், காடும் மலையும் சூழ்ந்த இம்ஸ்ஹவுசன் என்ற சிற்றூரில் குடும்பத்துக்குப் பரம்பரை வீடும் நிலமும் இருந்தன.

முதல் உலக யுத்தத்தில் ஜெர்மனி தோற்றது. முடியரசு போய்க் குடியரசு வந்தது. பணவீக்கமும் வேலையில்லாத் திண்டாட்டமும் நாட்டை ஆட்டிப் படைத்தன. இந்தக் குழப்பத்தின் நடுவே டிராட் வளர்ந்தார். சட்டம் படித்தார். ஹெகல் என்ற தத்துவ ஞானியைப் பற்றி ஆராய்ச்சி செய்து, 22 வயதுக்குள் டாக்டர் பட்டம் வாங்கினார்.

1931-ம் ஆண்டு ரோட்ஸ் உபகாரச் சம்பளம் பெற்று ஆக்ஸ்போர்டுக்குப் போய், பேலியல் கல்லூரியில் சேர்ந்தார். வட்டமேஜை மகாநாட்டுக்காக மகாத்மா காந்தி இங்கிலாந்துக்கு வந்திருந்த சமயம் அது. காந்திஜி ஆக்ஸ்போர்டுக்கும் வந்து, பேலியல் கல்லூரித் தலைவர் லிண்ட்சேயின் வீட்டில்தான் விருந்தாளியாகத் தங்கினார். இந்தியாவின் விடுதலை அந்தக் கல்லூரி மாணவர்களிடையே அன்றாடம் விவாதிக்கப்பட்ட விஷயம். டிராட்டின் ஆங்கில நண்பர்கள் பெரும்பாலும் தொழிற்கட்சிப் பற்றுடையவர்கள். அவரும் சமதர்மக் கொள்கையில் நாட்டம் கொண்டார்.

1933-ம் ஆண்டு ஜனவரி 30-ந் தேதி ஹிட்லர் ஜெர்மனியின் பிரதமரானார். செய்தி வந்தபோது டிராட் ஆக்ஸ்போர்டில் இருந்தார். தம் நாட்டுக்குப் பெரும் கேடு வந்துவிட்டது என்பதை உடனே உணர்ந்துகொண்டார். இங்கிலாந்திலேயே தங்கிவிட அவருக்கு வழிகள் இருந்தன. ஆயினும் அவர் ஊர் திரும்பினார்.

போனவரும் இருந்தவரும்

நாட்டில் கொடுங்கோல் ஆட்சி வந்துவிட்டால் நல்லவர்கள் என்ன செய்ய வேண்டும்? வெளியேறிப் போய்க் குரல் கொடுப்பதா? உள்ளேயே இருந்து போராடுவதா? அக்காலத்து ஜெர்மானியர்கள் பலரைத் தூங்க விடாமல் அடித்த கேள்வி இது.

போனவர்களில் ஒருவரைத் திருவண்ணாமலைக்காரர்கள் அறிந்திருக்கக் கூடும். அவர் பெயர் ஹைன்ரிக் ஸிம்மர். ஹைடல்பர்க் சர்வகலாசாலையில் இந்தியக் கலைகளையும் தத்துவத்தையும் போதித்த பேராசிரியர். இந்தியாவுக்கு ஒரு முறை கூட வராதவர். ஆனால் அருணாசலத்தின் அடிவாரத்தில் வாழ்ந்த ரமண மகரிஷியின் உபதேசங்களில் தோய்ந்து, ஜெர்மன் மொழியில் ஒரு நூல் எழுதினார். அவர் மனைவி யூத வம்சாவளியில் வந்தவர். அதனால் 1938-ம் ஆண்டு நாஜிகள் ஸிம்மரை வேலையிலிருந்து நீக்கினார்கள். அடுத்த ஆண்டு அவர் குடும்பத்தோடு வெளியேறினார். முதலில் அவருக்கு இடம் கொடுத்தது ஆக்ஸ்போர்டின் அதே பேலியல் கல்லூரிதான். பிறகு அமெரிக்கா போனார். 1943-ம் ஆண்டு அங்கேயே காலமானார். மகரிஷியைப் பற்றிய அவர் நூல், அவர் இறந்த பிறகு 1944-ம் ஆண்டு சூரிச் நகரில் வெளிவந்தது. மனோதத்துவ அறிஞர் யுங் அதற்கு முன்னுரை எழுதினார்.

ஸிம்மரைப் போன்றவர்களுக்கு வேறு வழி இல்லை. மனைவி மக்களின் உயிரைக் காப்பாற்ற அவர் போகத்தான் வேண்டும். டிராட்டின் நிலைமை வேறு. அவர் பழைய பிரபுக் குடும்பத்துப் பிள்ளை. நாஜிகள் அவரைத் துரத்தவில்லை. எல்லாரும் போய்விட்டால் உள்ளே எதிர்ப்பதற்கு யார் இருப்பார்கள் என்று அவர் நினைத்தார்.

உத்தியோகம் கிடைக்கவில்லை

திரும்பி வந்த டிராட் கோர்ட்டுகளில் பயிற்சி பெற்றார். நாஜி அமைப்புக்களில் சேராததால் அவருடைய முன்னேற்றம் தடைப்பட்டது. சட்டப் பரீட்சைகளை முடித்தும் தகுந்த வேலை கிடைக்கவில்லை.

இந்தக் காலத்தில் அவர் செய்த ஒரு காரியம் அவருக்கே தீமையாக முடிந்தது. 1934-ம் ஆண்டு மான்செஸ்டர் கார்டியன் என்ற ஆங்கிலப் பத்திரிகைக்கு அவர் ஒரு கடிதம் எழுதினார். ஹெஸ்ஸன் கோர்ட்டுகளில் யூதர்களுக்கு அநீதி நடப்பதாக அப்பத்திரிகையில் வந்திருந்த செய்தியை அதில் மறுத்தார். தம் அனுபவத்தில் தாம் அப்படி எதையும் காணவில்லை என்பது அவர் வாதம். யூதர்கள் உத்தியோகங்களிலிருந்து நீக்கப்பட்டும் கடைவீதிகளில் அவமானப்படுத்தப்பட்டும் வந்த காலம் அது. ஆங்கில நண்பர்கள் திடுக்கிட்டார்கள். டிராட்டும் நாஜியாகி விட்டாரோ என்ற சந்தேகம் அன்று முளைத்தது. அது கடைசி வரை அவரை விடவில்லை.

அடுத்த ஆண்டு அவர் வேறொரு காரியம் செய்தார். நெப்போலியன் காலத்தில் வாழ்ந்த கிளைஸ்ட் என்ற ஜெர்மன் ஆசிரியரின் அரசியல் கட்டுரைகளைத் தொகுத்துப் புத்தகமாக வெளியிட்டார். அன்னியக் கொடுங்கோலனான நெப்போலியனை எதிர்த்து எழுதப்பட்ட கட்டுரைகள் அவை. சூட்சுமம் தெரிந்தவர்கள் ஹிட்லரை நினைத்துக்கொண்டு அவற்றைப் படித்தார்கள்.

1937-ம் ஆண்டு டிராட் அமெரிக்கா வழியாகச் சீனாவுக்குப் போனார். பீக்கிங் நகரில் தங்கிக் கீழ்நாட்டுத் தத்துவத்தையும் அரசியலையும் ஆராய்ந்தார். சீனாவின் மீது ஜப்பான் படையெடுத்ததை நேரில் கண்டார். 1938-ம் ஆண்டு இறுதியில் தகப்பனார் காலமானதை ஒட்டி நாடு திரும்பினார். உலக யுத்தம் நெருங்கி விட்டது என்பது அப்போது யாருக்கும் மறைவாக இல்லை.

லண்டனில் கதவு மூடியது

1939-ம் ஆண்டு ஜூன் மாதம் டிராட் லண்டனுக்குப் போனார். பிரபுக்களான ஆஸ்டர் குடும்பத்தார் அவருக்கு நண்பர்கள். அவர்கள் மூலம் பிரிட்டிஷ் வெளிநாட்டு மந்திரி ஹாலிபாக்ஸையும், பிறகு பிரதமர் சேம்பர்லினையும் சந்தித்தார். யுத்தத்தைத் தள்ளிப்போட்டால் ஜெர்மனிக்குள் ஹிட்லரின் எதிரிகள் பலம் பெற அவகாசம் கிடைக்கும் என்பது அவர் நோக்கம். இந்த ஹாலிபாக்ஸ் வேறு யாருமல்ல. இந்தியாவில் இர்வின் பிரபு என்ற பெயரில் வைஸ்ராயாக இருந்து, 1931-ல் காந்திஜியோடு ஒப்பந்தம் செய்துகொண்டவர்தான்.

பேச்சு பயன் தரவில்லை. டிராட் உண்மையிலேயே ஹிட்லரின் விரோதியா, அல்லது ஹிட்லர் அனுப்பிய ஒற்றரா என்று ஆங்கிலேயருக்குப் புரியவில்லை. ஆக்ஸ்போர்டு பேராசிரியர் மாரிஸ் பௌரா, பழைய நண்பராக இருந்தும், டிராட்டை வீட்டை விட்டு வெளியே போகச் சொல்லிவிட்டார். டிராட் தூக்கிலிடப்பட்ட செய்தி பின்னாளில் வந்தபோது அவருக்கு உண்மை விளங்கியது. அன்று செய்ததை நினைத்துப் பௌரா வாழ்நாள் முழுவதும் வருந்தினார். தம் நினைவுக் குறிப்புகளில் அதை எழுதியும் வைத்தார்.

அதே ஆண்டு செப்டம்பரில் யுத்தம் மூண்டது. டிராட் ஒரு மகாநாட்டுக்காக அமெரிக்கா போனார். அமெரிக்க ரகசியப் போலீசார் அவரை நிழல்போல் பின்தொடர்ந்தார்கள். அங்கேயே தங்கிவிடும்படி நண்பர்கள் மன்றாடினார்கள். அவர் கேட்கவில்லை. பசிபிக் கடலைத் தாண்டி ஜப்பான் போய், சைபீரியா வழியாக ரயிலேறி, 1940-ம் ஆண்டு ஜெர்மனிக்குத் திரும்பினார்.

ஜூன் மாதம் கிளாரிட்டா என்ற பெண்ணை மணந்தார். வெளிநாட்டு இலாகாவில் உத்தியோகமும் கிடைத்தது. அதோடு நாஜிக் கட்சியில் அங்கத்தினராகவும் பதிவு செய்துகொண்டார். ஏழு ஆண்டுகளாக அவர் ஒதுங்கியே நின்ற கட்சி அது. உள்ளே இருந்தால்தான் செய்தி தெரியும், வெளிநாடு போக அனுமதி கிடைக்கும், எதிரிகளை ஒன்று சேர்க்க முடியும் என்பது அவர் கணக்கு.

பெர்லினில் இந்திய இலாகா

1941-ம் ஆண்டு நேதாஜி பெர்லினுக்கு வந்து சேர்ந்தார். ஆர்லண்டோ மஸோட்டா என்ற இத்தாலியப் பெயரில் இருந்தார். அவர் காரியங்களைக் கவனிக்க ஜெர்மன் வெளிநாட்டு இலாகாவில் இந்தியாவுக்கென்று தனிப் பிரிவு ஒன்று ஏற்பட்டது. மேலதிகாரி கெப்ளர் என்ற பழைய நாஜி. ஆனால் பிரிவைத் தலைமை தாங்கி நடத்தியவர் டிராட்.

டிராட் தமக்குத் துணையாக யாரைச் சேர்த்துக்கொண்டார் என்று பார்த்தால் அவர் மனம் விளங்கும். உதவித் தலைவர் அலெக்சாண்டர் வெர்த். இவர் ஏற்கெனவே நாஜிகளின் சிறை முகாமில் அடைபட்டுக் கிடந்தவர். மற்றொருவர் புர்த்வெங்லர். தொழிற்சங்கவாதியான இவர் 1920-க்களில் இந்தியாவுக்கு வந்து தொழிலாளர் நிலையை நேரில் ஆராய்ந்தவர். நாஜிகளைப் பிடிக்காதவர்களுக்கு இந்திய இலாகா ஒரு புகலிடமாக இருந்தது.

1941-ம் ஆண்டு நவம்பர் 2-ந் தேதி பெர்லினில் சுதந்திர இந்திய மையம் தொடங்கியது. அயல்நாட்டுத் தூதராலயத்துக்கு உள்ள அந்தஸ்து அதற்குக் கொடுக்கப்பட்டது. ஜெய் ஹிந்த் என்ற வணக்கம் இங்கேதான் வழக்கத்துக்கு வந்தது. ஜன கண மன கீதத்தைத் தேசிய கீதமாக ஏற்றதும் இங்கேதான். மறு ஆண்டு தொடக்கத்தில் ஆசாத் ஹிந்த் வானொலி ஒலிபரப்பத் தொடங்கியது. இந்திய மொழிகள் பலவற்றில் நடந்த அந்த ஒலிபரப்பில் தமிழுக்கும் இடம் இருந்தது. வட ஆப்பிரிக்காவில் பிடிபட்ட இந்தியச் சிப்பாய்களைக் கொண்டு சுமார் 3,000 பேர் அடங்கிய இந்தியப் படையும் அமைந்தது.

இவ்வளவுக்கும் வேண்டிய பணம், கட்டிடம், அனுமதி எல்லாம் டிராட்டின் இலாகா வழியாகவே நடக்க வேண்டும். மையத்தில் நேதாஜிக்கு அடுத்தபடியாக இருந்தவர் தலச்சேரியில் பிறந்து சென்னையில் படித்த ஏ.சி.என்.நம்பியார். அவருக்கும் நாஜிகளின் ருசி தெரியும். 1933-ம் ஆண்டு ஹிட்லர் பதவிக்கு வந்த கையோடு அவரைக் கைது செய்து, நாட்டை விட்டே வெளியேற்றியிருந்தார்கள். நேதாஜி அழைத்ததால்தான் அவர் திரும்பவும் பெர்லினில் கால் வைத்தார்.

நேதாஜியின் எண்ணம் வெளிப்படையானது. இந்தியாவை அடிமைப்படுத்தியிருப்பது பிரிட்டன். பிரிட்டனின் எதிரி யாராயிருந்தாலும் அவனிடம் உதவி பெறலாம் என்பது அவர் வழி. டிராட்டின் எண்ணமோ வெளியே சொல்ல முடியாதது. இந்திய விடுதலையில் அவருக்கு அனுதாபம் உண்டு. ஆனால் ஹிட்லர் வெற்றி பெற்றால் உலகில் எந்த நாட்டுக்கும் விடுதலை இருக்காது என்று அவர் உறுதியாக நம்பினார். ஒரே மேஜையில் இருவரும் உட்கார்ந்து இந்தியாவின் சுதந்திரத்துக்குத் திட்டம் போட்டார்கள். ஒருவர் ஹிட்லரின் உதவியை நாடினார். மற்றவர் ஹிட்லரின் அழிவை நாடினார்.

இந்தியாவின் சுதந்திரத்தை அங்கீகரித்து ஜெர்மனி, இத்தாலி, ஜப்பான் மூன்றும் கூட்டாகப் பிரகடனம் செய்ய வேண்டும் என்று நேதாஜி வற்புறுத்தினார். நகல்கள் தயாராயின. ஹிட்லர் ஒப்புக்கொள்ளவில்லை. 1942-ம் ஆண்டு மே மாதம் நேதாஜி ஹிட்லரை நேரில் சந்தித்தார். இந்தியரை இழிவாகப் பேசும் பகுதிகள் ஹிட்லரின் புத்தகத்தில் இருப்பதையும் தயங்காமல் எடுத்துச் சொன்னார். பிரகடனம் கிடைக்கவில்லை. இனிமேல் கிழக்கு ஆசியாவில்தான் தம் வேலை என்று நேதாஜி முடிவு செய்தார். 1943-ம் ஆண்டு பிப்ரவரி மாதம் நீர்மூழ்கிக் கப்பலேறிப் புறப்பட்டார். பெர்லின் மையம் நம்பியார் பொறுப்பில் வந்தது.

பகலில் ஒரு வேலை, இரவில் ஒரு வேலை

இந்திய இலாகா வேலையால் டிராட்டுக்கு ஒரு பெரிய லாபம் இருந்தது. இந்தியக் காரியம் என்று காரணம் காட்டி அவர் வெளிநாடுகளுக்குப் போக முடிந்தது. ஸ்விட்ஸர்லாந்து, ஸ்வீடன், துருக்கி ஆகிய நடுநிலை நாடுகளுக்குப் பல தடவை போனார். போன இடங்களில் பிரிட்டிஷ், அமெரிக்கத் தரப்போடு தொடர்புள்ளவர்களைத் தேடிப் பிடித்தார்.

ஜெர்மனிக்குள் அவர் சேர்ந்திருந்த குழுவுக்கு கிரைசவ் வட்டம் என்று பெயர். மோல்ட்கே என்ற பிரபுவின் கிராமத்துப் பண்ணை வீட்டில் கூடியதால் அந்தப் பெயர் வந்தது. பிரபுக்கள், பாதிரிமார்கள், தொழிற்சங்கவாதிகள், சமதர்மவாதிகள் என்று பல திறத்தாரும் அதில் இருந்தார்கள். ஹிட்லர் ஒழிந்த பிறகு ஜெர்மனியில் எத்தகைய ஆட்சி வர வேண்டும், குற்றவாளிகளை எப்படித் தண்டிக்க வேண்டும், ஐரோப்பிய நாடுகள் எப்படி ஒன்றுபட வேண்டும் என்று அவர்கள் திட்டங்கள் எழுதினார்கள். ஒரு தாள் போலீசார் கையில் அகப்பட்டால் அத்தனை பேர் தலையும் போகும்.

1942-ம் ஆண்டு டிராட் ஒரு விண்ணப்பம் தயாரித்தார். ஜெர்மனிக்குள்ளும் ஹிட்லரை எதிர்ப்பவர்கள் இருக்கிறார்கள், அவர்களுக்கு நேசநாடுகள் ஒரு வார்த்தை நம்பிக்கை கொடுக்க வேண்டும் என்பது அதன் சாரம். விஸ்ஸர்ட் ஹூப்ட் என்ற டச்சுப் பாதிரியார் அதை ஜினீவாவிலிருந்து லண்டனுக்கு எடுத்துப் போனார். அது ஸர் ஸ்டாபோர்டு கிரிப்ஸின் கைக்குப் போய், அவர் மூலம் பிரதமர் சர்ச்சிலின் பார்வைக்கும் வந்தது. இந்தியாவுக்குச் சமரசத் திட்டம் கொண்டு வந்து தோல்வியோடு திரும்பிய அதே கிரிப்ஸ்தான் இவர். விண்ணப்பத்தின் பேரில் எந்த நடவடிக்கையும் இல்லை.

1943-ம் ஆண்டு ஜனவரி மாதம் காஸாபிளாங்கா மகாநாட்டில், ஜெர்மனி நிபந்தனையின்றிச் சரணடைய வேண்டும் என்று நேசநாடுகள் அறிவித்தன. ஹிட்லர் ஒழிந்தாலும் ஒழியாவிட்டாலும் ஜெர்மனிக்கு ஒரே கதி என்று ஆகிவிட்டது. டிராட்டின் முயற்சிகளுக்கு இது பெரும் அடி. ஆனாலும் அவர் ஓயவில்லை. 1944-ம் ஆண்டு ஜூன் மாதம் வரை ஸ்வீடனுக்குப் போய் வந்துகொண்டிருந்தார். ஒவ்வொரு தடவையும் அங்கேயே தங்கிவிடலாம். ஒவ்வொரு தடவையும் திரும்பி வந்தார்.

இன்னொரு பக்கமும் உண்டு. அவர் உத்தியோகம் பார்த்த சர்க்கார், அதே ஆண்டுகளில் யூதர்களை லட்சக்கணக்கில் கொன்று குவித்தது. வெளிநாட்டு இலாகாவும் அந்தப் பாவத்தில் பங்கு கொண்டது. அந்தக் கட்டிடத்துக்குத் தினமும் போய், அந்த அதிகாரிகளோடு கைகுலுக்கி, அவர்கள் பாஷையில் கடிதங்கள் எழுதி, சம்பளமும் வாங்கிக்கொண்டு அவர் வாழ்ந்தார். உள்ளே இருந்து எதிர்க்கிறேன் என்று சொல்லிச் சும்மா காலம் கழித்தவர்களும் அந்நாட்டில் ஏராளம். டிராட் அவர்களில் ஒருவரா இல்லையா என்பதை 1944-ம் ஆண்டு ஜூலை மாதம் காட்டியது.

ஜூலை 20

அந்த ஆண்டு தொடக்கத்தில் மோல்ட்கே கைதானார். குழுவின் முன்னணிக்கு இப்போது வேறொருவர் வந்தார். ஆப்பிரிக்கப் போர்முனையில் ஒரு கண்ணையும், வலது கையையும், இடது கையில் இரண்டு விரல்களையும் இழந்த ராணுவ அதிகாரி ஸ்டாபன்பர்க்தான் அவர். ஹிட்லரைக் கொன்றால்தான் விமோசனம் என்ற முடிவுக்கு அவர் வந்திருந்தார். டிராட் அவருக்கு நெருங்கிய நண்பரானார். புதிய சர்க்கார் ஏற்பட்டால் வெளிநாடுகளோடு பேச்சு நடத்தும் பொறுப்பு டிராட்டுக்கு என்று தீர்மானமாகியிருந்தது.

ஜூலை 16-ந் தேதி இரவு பெர்லினில் ஸ்டாபன்பர்க்கின் வீட்டில் கடைசி ஆலோசனை நடந்தது. டிராட்டும் அதில் இருந்தார். 20-ந் தேதி பகலில், கிழக்கு பிரஷ்யாவில் இருந்த ஹிட்லரின் தலைமைப் பாசறையில், ஆலோசனை மேஜையின் அடியில் ஸ்டாபன்பர்க் வெடிகுண்டுப் பையை வைத்துவிட்டு வெளியே வந்தார். குண்டு வெடித்தது. நான்கு பேர் மாண்டார்கள். மேஜையின் கனத்த கால் குறுக்கே நின்றதால் ஹிட்லர் தப்பினார்.

டிராட் அன்று பகல் முழுவதும் வெளிநாட்டு இலாகாவில் செய்திக்காகக் காத்திருந்தார். மாலையில் ஹிட்லர் உயிரோடு இருக்கும் செய்தி ரேடியோவில் வந்தது. நள்ளிரவில் ஸ்டாபன்பர்க்கைச் சுட்டுக் கொன்றார்கள்.

டிராட்டுக்கு இன்னும் சில நாட்கள் இருந்தன. தப்பி ஓடியிருக்கலாம். ஆனால் கிராமத்தில் மனைவியும் இரண்டு பெண் குழந்தைகளும் இருந்தார்கள். அவர் ஓடினால் அவர்கள் கதி என்ன? அவர் வழக்கம்போல் அலுவலகத்துக்குப் போய் வந்தார். ஜூலை 25-ந் தேதி ரகசியப் போலீசார் அவரைக் கைது செய்தார்கள்.

கோர்ட்டும் தூக்கும்

ஆகஸ்டு 15-ந் தேதி மக்கள் நீதிமன்றம் என்ற பெயர் கொண்ட நாஜிக் கோர்ட்டில் விசாரணை நடந்தது. நீதிபதி பிரைஸ்லர் கூச்சலிட்டுக் கைதிகளை அவமானப்படுத்துவதில் பேர் போனவர். அன்றே மரண தண்டனை விதிக்கப்பட்டது. கணவரை ஒரு முறையாவது பார்த்துவிட வேண்டும் என்று கிளாரிட்டா அம்மையார் கோர்ட்டுக்குள் நுழைய முயன்றார். முடியவில்லை. இரண்டொரு நாளில் அவரும் கைதானார்.

ஒருவர் குற்றத்துக்குக் குடும்பமே பொறுப்பு என்பது நாஜிகளின் சட்டம். டிராட்டின் இரு குழந்தைகளையும் போலீசார் தூக்கிப் போனார்கள். மூத்தவளுக்கு மூன்று வயது நிரம்பவில்லை. இளையவள் கைக்குழந்தை. சதியில் சேர்ந்த மற்றவர்களின் பிள்ளைகளோடு பாட் ஸாக்ஸா என்ற ஊரில், சொந்தப் பெயரை மாற்றி, இவர்களை அடைத்து வைத்தார்கள்.

மேலும் ரகசியங்களைக் கறக்கலாம் என்று டிராட்டைச் சில நாட்கள் உயிரோடு வைத்திருந்தார்கள். சிறையிலிருந்து மனைவிக்கு அவர் கடிதம் எழுதினார். உயிர் போவதைப் பற்றி அதில் புலம்பவில்லை. வெளிநாட்டு விவகாரங்களில் இத்தனை ஆண்டுகள் பாடுபட்டுச் சேர்த்த அனுபவத்தைத் தாய்நாட்டுக்குப் பயன்படுத்த முடியாமல் போகிறதே என்றுதான் வருந்தினார்.

1944-ம் ஆண்டு ஆகஸ்டு 26-ந் தேதி பெர்லினில் பிளட்சன்ஸே சிறையில் அவரைத் தூக்கிலிட்டார்கள். 35 வயது நிரம்பி இரண்டு வாரம் கடந்திருந்தது. அந்தச் சிறையில் நாஜிகள் 2,800-க்கு மேற்பட்டவர்களைக் கொன்றிருக்கிறார்கள். மோல்ட்கே 1945-ம் ஆண்டு ஜனவரியில் அதே சிறையில் மாண்டார். காந்திஜியின் ஆசிரமத்துக்கு வந்து தங்கி அகிம்சைப் போராட்டத்தைக் கற்றுக்கொள்ள விரும்பி, காந்திஜியின் அழைப்பையும் 1934-ல் பெற்றிருந்த பான்ஹாபர் என்ற பாதிரியாரை வேறொரு முகாமில் ஏப்ரல் மாதம் தூக்கிலிட்டார்கள். அடுத்த மாதம் ஜெர்மனி சரணடைந்தது.

துரோகியா, தேசபக்தரா?

யுத்தம் முடிந்த பிறகும் டிராட்டுக்கும் அவர் தோழர்களுக்கும் நியாயம் கிடைக்கவில்லை. பிரிட்டனில் அவர்களை ஜெர்மன் பெரிய மனிதர்களின் உட்சண்டைக்காரர்கள் என்று ஒதுக்கினார்கள். ஜெர்மனியிலோ, யுத்த காலத்தில் தலைவனைக் கொல்லப் பார்த்த துரோகிகள் என்று பலர் பல ஆண்டுகள் ஏசினார்கள். 1952-ம் ஆண்டு பிரவுன்ஷ்வைக் நகரக் கோர்ட்டு, அவர்களைத் துரோகிகள் என்று தூற்றிய ஒரு முன்னாள் ராணுவ அதிகாரியைத் தண்டித்தது. அதன் பிறகே மக்களின் எண்ணம் மெல்ல மாறியது. மக்கள் நீதிமன்றம் ஒரு கோர்ட்டே அல்ல, கொலைக் கருவி என்று 1985-ம் ஆண்டு ஜெர்மன் பார்லிமெண்டு தீர்மானித்தது. நாஜிக் கோர்ட்டுகளின் அநியாயத் தீர்ப்புகளை ரத்துச் செய்யும் சட்டம் 1998-ல்தான் வந்தது.

கிளாரிட்டா அம்மையார் சிறையிலிருந்து விடுதலையானார். குழந்தைகளும் அவரிடம் வந்து சேர்ந்தார்கள். அவர் மறுமணம் செய்துகொள்ளவில்லை. வைத்தியம் படித்து மனநோய் மருத்துவரானார். கணவரின் வரலாற்றைக் கடிதங்களையும் தஸ்தாவேஜுகளையும் திரட்டி எழுதினார். 2013-ம் ஆண்டு தம் 95-வது வயதில் காலமானார்.

நம்பியார் சுதந்திர இந்தியாவின் தூதராக மேற்கு ஜெர்மனிக்கே போனார். உதவித் தலைவராயிருந்த வெர்த் உயிர் பிழைத்து, பெர்லினில் நேதாஜி வாழ்ந்த நாட்களைப் பற்றி நூல் எழுதினார். டிராட் படித்த பேலியல் கல்லூரியில் இரண்டாம் உலக யுத்தத்தில் இறந்த மாணவர்களின் பெயர்களைப் பொறித்த கல் இருக்கிறது. ஆங்கிலேயரின் பெயர்களோடு எதிரி நாட்டவரான ஜெர்மானியர் ஐவரின் பெயர்களும் அதில் உண்டு. ஐவரில் ஒருவர் டிராட். இம்ஸ்ஹவுசனில் வீட்டுக்கு மேலே உள்ள குன்றின் மீது அவர் நினைவாக ஒரு சிலுவை நிற்கிறது.

அவர் செய்த முயற்சி எதுவும் பலிக்கவில்லை. லண்டன் கேட்கவில்லை, வாஷிங்டன் நம்பவில்லை, குண்டும் குறி தவறியது. அவர் பெர்லினில் ஏற்று நடத்திய இந்தியக் காரியம் மட்டும் வேறு பாதையில் நடந்து, அவர் இறந்து மூன்றாம் ஆண்டு, 1947-ம் ஆண்டு ஆகஸ்டு 15-ந் தேதி, நிறைவேறியது. மூன்று ஆண்டுகளுக்கு முன் அதே தேதியில்தான் பெர்லின் கோர்ட்டு அவருக்கு மரண தண்டனை விதித்திருந்தது.